நேர்கோட்டுச் சமன்பாட்டை வரைபடத்தில் வரைவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மாணவி ஒருத்தி என்னிடம் வரைபடத்தாளை நீட்டினாள். 2எக்ஸ் + ஒய் = 7 என்ற சமன்பாட்டுக்குக் கோடு போட்டிருந்தாள். புள்ளிகள் சரி, கோடும் சுத்தமாக இருந்தது. "கோடு போட்டாச்சு சார், இதுல விடை எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. வரைபடம் வரையத் தெரிந்த பல பிள்ளைகளுக்கு இந்தச் சந்தேகம் இருக்கிறது, கேட்பதில்லை, அவ்வளவுதான். விடை அந்தக் கோடுதான். முழுக் கோடும் விடை. எந்த எக்ஸையும் ஒய்யையும் போட்டால் 2எக்ஸ் + ஒய் சரியாக 7 வருமோ, அந்த ஜோடிகள் அத்தனையும் அந்தக் கோட்டின் மேல்தான் இருக்கின்றன. கோட்டுக்கு வெளியே ஒன்றுகூடக் கிடையாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படிக்கும் காரணம் தானாகப் புரியும்.

வகுப்பில் வாயால் சொல்வதுபோல எக்ஸ், ஒய் என்றே இங்கே எழுதுகிறேன். தாளில் வழக்கமான எழுத்துகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தாளும் அச்சுகளும்

மில்லிமீட்டர் கட்டம் போட்ட வரைபடத்தாள், நன்றாகச் சீவிய பென்சில், 30 செ.மீ. அளவுகோல். இவை போதும். பேனாவால் வரையாதீர்கள். மொட்டைப் பென்சிலும் வேண்டாம். புள்ளியே ஒரு மில்லிமீட்டர் பருமனுக்கு வந்துவிட்டால், அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியாது.

தாளில் 1 செ.மீ. இடைவெளியில் தடித்த கோடுகள் ஓடும். அவற்றில் ஒரு படுக்கைக் கோட்டை எக்ஸ் அச்சாகவும் ஒரு செங்குத்துக் கோட்டை ஒய் அச்சாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வெட்டும் இடம் ஆதிப்புள்ளி, (0, 0). அங்கிருந்து வலப்பக்கமும் மேல்பக்கமும் மிகை எண்கள், இடப்பக்கமும் கீழ்ப்பக்கமும் குறை எண்கள். இலங்கையில் படித்தவர்கள் ஆதிப்புள்ளியை உற்பத்தி என்றும், புள்ளியின் இடத்தைச் சொல்லும் எண்களான ஆயத்தொலைவை ஆள்கூறு என்றும், சாய்வைப் படித்திறன் என்றும் படித்திருப்பீர்கள். பெயர்தான் வேறு, வேலை ஒன்றே.

பிரான்ஸ் நாட்டு ரெனே டெக்கார்ட் 1637-இல் வெளியிட்ட வடிவியல் நூலில்தான் சமன்பாட்டையும் கோட்டையும் ஒன்றோடொன்று பிணைக்கும் இந்த வழி அச்சில் வந்தது. அதே காலத்தில் பியர் தெ ஃபெர்மாவும் தனியாக இதே யோசனைக்கு வந்திருந்தார். அதுவரை எண்கணக்கு ஒரு பக்கம், வடிவியல் ஒரு பக்கம் என்று தனித்தனியாகக் கிடந்தவை அதன்பிறகு ஒன்றுக்கொன்று உதவத் தொடங்கின. நாம் பள்ளியில் போடும் ஒரு சாதாரணக் கோட்டுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய விஷயம் இருக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

முதல் படி: ஒய்யைத் தனியாக்குங்கள்

2எக்ஸ் + ஒய் = 7 என்பதில் 2எக்ஸை வலப்பக்கம் கொண்டுபோனால் ஒய் = 7 − 2எக்ஸ். இப்படி மாற்றிக்கொண்டால் எக்ஸுக்கு ஒரு மதிப்புக் கொடுத்தவுடன் ஒய் தானாக வந்துவிடும்.

தப்பு அதிகம் நடக்கும் இடமும் இதுதான். 3எக்ஸ் − 2ஒய் = 6 என்று இருந்தால், −2ஒய் = 6 − 3எக்ஸ் என்று எழுதிவிட்டு, வகுக்கும்போது குறைக்குறியை ஒரு உறுப்புக்கு மட்டும் மாற்றிவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள். இரண்டு உறுப்புகளையும் −2ஆல் வகுக்க வேண்டும். அப்போது ஒய் = (3/2)எக்ஸ் − 3. சந்தேகமாக இருந்தால் எக்ஸ் = 2 போட்டுப் பாருங்கள்: ஒய் = 0 வருகிறது. மூலச் சமன்பாட்டில் 3×2 − 2×0 = 6. சரி, மேலே போகலாம்.

இரண்டாம் படி: அட்டவணை

ஒய் = 7 − 2எக்ஸ் என்பதையே தொடர்வோம்.

எக்ஸ் = 0 என்றால் ஒய் = 7
எக்ஸ் = 1 என்றால் ஒய் = 5
எக்ஸ் = 4 என்றால் ஒய் = −1

ஆக (0, 7), (1, 5), (4, −1) என்று மூன்று புள்ளிகள். நேர்கோடு போட இரண்டு புள்ளி போதாதா என்று கேட்பீர்கள். போதும். ஆனால் இரண்டு புள்ளிகளில் ஒன்றைத் தப்பாகக் கணக்கிட்டிருந்தாலும் அவற்றுக்கிடையே ஒரு கோடு அழகாகவே விழும். தப்பு வெளியே தெரியாது. மூன்றாவது புள்ளி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். மூன்றும் ஒரே கோட்டில் வரவில்லை என்றால் எங்கோ பிழை, திரும்பிப் போய்க் கணக்கைப் பாருங்கள். அளவுகோலைக் கொஞ்சம் சாய்த்து மூன்றையும் ஒரு மாதிரி சேர்த்துவிடும் வேலை மட்டும் வேண்டாம்.

எக்ஸுக்கு எந்த மதிப்பைக் கொடுப்பது என்பது உங்கள் விருப்பம். ஆனால் பின்னம் இருந்தால் யோசித்துக் கொடுங்கள். ஒய் = (3/2)எக்ஸ் − 3 என்பதற்கு 1, 3, 5 என்று கொடுத்தால் அரைகள் வரும்; 0, 2, 4 என்று கொடுத்தால் −3, 0, 3 என முழு எண்களாகவே வரும். பகுதி எண்ணின், அதாவது பின்னத்தின் அடியில் இருக்கும் எண்ணின், மடங்குகளைக் கொடுப்பது நல்ல பழக்கம். அப்புறம், புள்ளிகளை ஒன்றுக்கொன்று ஒட்டினாற்போல எடுக்காதீர்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை வைத்து நீளமான கோடு இழுத்தால், அரை மில்லிமீட்டர் விலகல்கூடக் கோட்டின் கடைசியில் பெரிதாகிவிடும்.

மூன்றாம் படி: அளவுத்திட்டம்

அட்டவணை போட்ட பிறகுதான் அளவுத்திட்டம் முடிவு செய்ய வேண்டும். பலர் அச்சில் 1, 2, 3 என்று முதலிலேயே எழுதிவிட்டு, பிறகு ஒய் மதிப்பு 60 வந்ததும் தாள் போதாமல் திண்டாடுவார்கள். உங்கள் அட்டவணையில் மிகப் பெரிய மதிப்பு எது, மிகச் சிறியது எது என்று பாருங்கள். நம் சமன்பாட்டுக்கு எக்ஸ் 0 முதல் 4, ஒய் −1 முதல் 7. இரண்டு அச்சிலும் 1 செ.மீ. = 1 அலகு வசதியாக அடங்கும். தாளின் வலது மேல் மூலையில் இதை எழுதிவையுங்கள். அளவுத்திட்டம் இல்லாத வரைபடத்தைப் பார்க்கிறவருக்குக் கட்டம் எதைக் குறிக்கிறது என்றே தெரியாது. தேர்வில் அதற்கு மதிப்பெண்ணும் போகும்.

இரண்டு அச்சுக்கும் வெவ்வேறு அளவு வைக்கலாம், தவறில்லை. ஆனால் ஒரே அச்சில் நடுவே அளவை மாற்றக் கூடாது. 0-க்கும் 1-க்கும் 1 செ.மீ., 1-க்கும் 4-க்கும் அதே 1 செ.மீ. என்று வைத்தால் நேர்கோடு மடிந்துவிடும். அட்டவணையில் உள்ள எண்களை அப்படியே வரிசையாக அச்சில் எழுதிவிடுகிற பிள்ளைகளுக்கு இது நடக்கும்.

நான்காம் படி: குறிப்பதும் சேர்ப்பதும்

(4, −1) என்ற புள்ளியைக் குறிப்பதைப் பார்ப்போம். பென்சில் முனையை ஆதிப்புள்ளியில் வையுங்கள். முதல் எண் 4, அதனால் எக்ஸ் அச்சோடு வலப்பக்கம் 4 செ.மீ. நகர்த்துங்கள். இரண்டாவது எண் −1, அதனால் அங்கிருந்து நேர் கீழே 1 செ.மீ. அங்கே சின்னப் புள்ளி வைத்து, பக்கத்தில் (4, −1) என்று எழுதுங்கள். முதலில் படுக்கை, பிறகு செங்குத்து. இந்த வரிசை மாறினால் (−1, 4) என்ற வேறு ஒரு புள்ளிக்குப் போய்விடுவீர்கள்.

மூன்றையும் குறித்ததும் அளவுகோலை வைத்து, முதல் புள்ளிக்கு வெளியிலிருந்து தொடங்கி கடைசிப் புள்ளியையும் தாண்டி ஒரே இழுப்பாகக் கோடு போடுங்கள். இரு முனையிலும் அம்புக்குறி. கோடு உங்கள் புள்ளிகளோடு நின்றுவிடுவதில்லை, இரண்டு பக்கமும் முடிவில்லாமல் போகிறது என்பதற்கான அடையாளம் அது. கோட்டின் மேல் சமன்பாட்டை எழுதிவிடுங்கள்.

இப்போது அந்த மாணவியிடம் நான் செய்யச் சொன்னதை நீங்களும் செய்யுங்கள். கோட்டில் நீங்கள் குறிக்காத ஒரு இடத்தைத் தொடுங்கள். எக்ஸ் = 2 இருக்கும் இடத்தில் கோட்டின் உயரம் எவ்வளவு? 3. சரி, 2×2 + 3 = 7. இன்னொரு இடம், எக்ஸ் = 2.5. கட்டம் எண்ணினால் ஒய் = 2. போட்டால் 5 + 2 = 7. நீங்கள் கணக்கிடாத புள்ளிகூடச் சமன்பாட்டோடு ஒத்துப்போகிறது. இனி கோட்டை விட்டு விலகி (3, 3) என்ற இடத்தைத் தொடுங்கள். 6 + 3 = 9. ஒத்துவரவில்லை. கோட்டுக்கு மேல்பக்கம் எங்கே தொட்டாலும் 7-ஐவிடப் பெரிதாகவும், கீழ்ப்பக்கம் தொட்டால் சிறிதாகவும் வரும். இதை அவள் ஐந்தாறு இடங்களில் செய்து பார்த்துவிட்டுத்தான் தாளை வாங்கிக்கொண்டாள்.

சாய்வும் வெட்டுத்துண்டும்: அட்டவணை இல்லாமல் வரைவது

அட்டவணையை மறுபடி பாருங்கள். எக்ஸ் 0-இலிருந்து 1-க்குப் போனபோது ஒய் 7-இலிருந்து 5-க்கு, அதாவது 2 இறங்கியது. 1-இலிருந்து 4-க்கு 3 படி போனபோது 6 இறங்கியது; படிக்கு 2 என்ற அதே இறக்கம்தான். எங்கே நின்று பார்த்தாலும் இறக்கம் மாறாமல் இருப்பதால்தான் கோடு வளையாமல் நேராகப் போகிறது. ஒய்யில் வந்த மாற்றத்தை எக்ஸில் வந்த மாற்றத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்ணே சாய்வு. இங்கே −2.

ஒய் = எம் எக்ஸ் + சி என்ற வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், எம் சாய்வு, சி என்பது கோடு ஒய் அச்சை வெட்டும் உயரம், அதாவது ஒய் வெட்டுத்துண்டு. இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்தே கோடு போட்டுவிடலாம்.

ஒய் = −(2/3)எக்ஸ் + 4 என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஒய் அச்சில் 4-இல் ஒரு புள்ளி. சாய்வு −2/3 என்றால் வலப்பக்கம் 3 போனால் கீழே 2. அப்படியே (0, 4)-இலிருந்து வலது 3, கீழ் 2: (3, 2). மறுபடி வலது 3, கீழ் 2: (6, 0). மூன்று புள்ளி கிடைத்துவிட்டது. பின்னத்தின் அடியில் இருக்கும் எண் வலப்பக்கம் எத்தனை என்று சொல்கிறது, மேலே இருப்பது ஏறுவதா இறங்குவதா, எத்தனை என்று சொல்கிறது. குறைக்குறியை ஒரே ஒரு முறைதான் பயன்படுத்த வேண்டும். இடப்பக்கமும் போய் கீழேயும் இறங்கினால் அது +2/3 ஆகிவிடும். சாய்வு முழு எண்ணாக இருந்தால் அடியில் 1 இருப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சாய்வு மிகை என்றால் இடமிருந்து வலம் போகும்போது கோடு ஏறும், குறை என்றால் இறங்கும். கோடு போட்டு முடித்தவுடன் இதை ஒரு பார்வை பார்த்துவிட்டாலே பாதித் தப்புகள் பிடிபட்டுவிடும்.

3எக்ஸ் + 4ஒய் = 24 போன்ற வடிவத்தில் இருந்தால் இன்னும் சுலபமான வழி உண்டு. எக்ஸை 0 ஆக்கினால் ஒய் = 6; ஒய்யை 0 ஆக்கினால் எக்ஸ் = 8. இரண்டு அச்சிலும் ஒவ்வொரு புள்ளி கிடைத்துவிட்டது. சரிபார்க்க எக்ஸ் = 4 போட்டால் ஒய் = 3, அதுவும் கோட்டில் இருக்கிறதா பாருங்கள். ஆனால் 3எக்ஸ் + 4ஒய் = 0 என்று வந்தால் இந்த வழி உதவாது. எதை 0 ஆக்கினாலும் ஆதிப்புள்ளியே திரும்பத் திரும்ப வரும். அங்கே எக்ஸ் = 4, ஒய் = −3 என்று வேறு புள்ளி தேட வேண்டும்.

எக்ஸ் = 3 ஏன் செங்குத்துக் கோடு?

எக்ஸ் அச்சு படுத்திருப்பதால் எக்ஸ் = 3 என்ற கோடும் படுத்திருக்கும் என்று நினைப்பது இயல்பு. கோட்டின் பொருளுக்கே திரும்புங்கள். எக்ஸ் 3 ஆக இருக்கும் புள்ளிகள் எல்லாம் எங்கே? (3, 0), (3, 2), (3, −5). ஒய் எதுவாக இருந்தாலும் கவலையில்லை. குறித்துப் பார்த்தால் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும். அதனால் செங்குத்து. ஒய் = −2 என்பது அதேபோலப் படுக்கைக் கோடு, சாய்வு 0. செங்குத்துக் கோட்டில் எக்ஸ் மாறவே மாறாததால் 0-ஆல் வகுக்க வேண்டி வரும், ஆகவே அதற்குச் சாய்வு வரையறுக்கப்படவில்லை.

ஆட்டோ கட்டணத்தை வரைந்து பார்ப்போம்

2013 ஆகஸ்டில் தமிழக அரசு சென்னை ஆட்டோக்களுக்கு நிர்ணயித்த கட்டணம்: முதல் 1.8 கி.மீ. வரை 25 ரூபாய், அதன்பிறகு ஒவ்வொரு கி.மீட்டருக்கும் 12 ரூபாய். எக்ஸ் அச்சில் தூரம், 1 செ.மீ. = 1 கி.மீ. ஒய் அச்சில் கட்டணம், 1 செ.மீ. = 10 ரூபாய். இந்த அளவில் ஒரு சின்னக் கட்டம் வலப்பக்கம் 100 மீட்டர், மேலே 1 ரூபாய். எண்ணுவதற்கு இதைவிட வசதி கிடையாது.

கட்டணம் தூரத்தோடு சீராக ஏறுகிறது என்று எடுத்துக்கொள்வோம். 1.8 கி.மீ. வரை 25 கட்டம் உயரத்தில் படுக்கைக் கோடு ஓடும். அங்கிருந்து, அதாவது (1.8, 25)-இலிருந்து, சாய்வு 12. 2 கி.மீ. போனால் 24 ரூபாய் ஏறும்: (3.8, 49). இன்னும் 2 கி.மீ. போனால் (5.8, 73). மூன்றும் ஒரே கோட்டில். இப்போது இந்தச் சாய்ந்த கோட்டைப் பின்னோக்கி, புள்ளிக்கோடாக, ஒய் அச்சு வரை இழுங்கள். எங்கே வெட்டுகிறது? 25-இல் என்று பலர் சொல்வார்கள். கட்டத்தை எண்ணிப் பாருங்கள், 3-க்கும் 4-க்கும் நடுவே. கணக்கும் அதையே சொல்கிறது: 25 + 12 × (எக்ஸ் − 1.8) என்பதைப் பிரித்தால் ஒய் = 12எக்ஸ் + 3.4. குறைந்தபட்சக் கட்டணம் 25, வெட்டுத்துண்டு 3.4. இரண்டும் வேறு வேறு. முதல் 1.8 கி.மீட்டருக்கு இந்தச் சமன்பாடே பொருந்தாது, அதனால் 3 ரூபாய் 40 காசு என்பது எந்தப் பயணத்தின் கட்டணமும் ஆகாது. எங்கிருந்து எதுவரை ஒரு சமன்பாடு செல்லும் என்று பார்க்காமல் கோட்டை நீட்டினால் இப்படி அர்த்தமில்லாத விடை வரும்.

100 ரூபாய்க்கு எவ்வளவு தூரம் போகலாம்? ஒய் அச்சில் 100-இலிருந்து வலப்பக்கம் போய்க் கோட்டைத் தொட்டு, நேர் கீழே இறங்குங்கள். ஏறக்குறைய 8 கி.மீ. கணக்குப்படி 8.05.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒய் அச்சில் 1 செ.மீ. = 5 ரூபாய் என்று வைத்திருந்தால் இதே கோடு இரண்டு மடங்கு செங்குத்தாகத் தெரியும். கட்டணம் மாறவில்லை, தாள் மட்டும் மாறியிருக்கிறது. பத்திரிகையில் ஒரு வரைபடத்தைப் பார்த்து "விலை எகிறிவிட்டது" என்று சொல்வதற்கு முன் அச்சில் இருக்கும் எண்களைப் படிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இது நல்ல இடம்.

இரண்டு கோடுகள் சந்திக்கும்போது

ஒரு கோடு ஒரு சமன்பாட்டின் விடைகள் என்றால், இரண்டு கோடுகள் வெட்டும் புள்ளி இரண்டு சமன்பாட்டுக்கும் பொதுவான விடை. 2எக்ஸ் + ஒய் = 7 போட்ட அதே தாளில் ஒய் = எக்ஸ் + 1 போடுங்கள். (2, 3)-இல் வெட்டும். 4எக்ஸ் + 2ஒய் = 6 போட்டால் சாய்வு அதே −2, வெட்டுத்துண்டு மட்டும் 3. ரயில் தண்டவாளம்போல இணையாகப் போகும், தீர்வு இல்லை. 4எக்ஸ் + 2ஒய் = 14 போட்டால் பழைய கோட்டின் மேலேயே விழும்; அங்கே ஒவ்வொரு புள்ளியும் தீர்வு.

கடைசியாக எனக்குப் பிடித்த ஒரு வரைபடம். செல்சியஸை எக்ஸ் அச்சிலும் ஃபாரன்ஹீட்டை ஒய் அச்சிலும் வைத்தால் ஒய் = 1.8எக்ஸ் + 32. இரண்டு அச்சிலும் 1 செ.மீ. = 10 டிகிரி; எக்ஸ் −50 முதல் 50 வரை, ஒய் −60 முதல் 130 வரை இடம் விடுங்கள். (0, 32), (10, 50), (50, 122) குறித்துக் கோடு போட்டு, கீழ்ப்பக்கம் தாள் முடியும்வரை நீட்டுங்கள். கோடை வந்ததும் செய்தியில் "வெயில் சதம் அடித்தது" என்கிறார்களே, அது ஃபாரன்ஹீட்டில் 100. ஒய் அச்சில் 100-இலிருந்து கோட்டுக்குப் போய் இறங்கினால் 38-க்குக் கொஞ்சம் முன்னால் வந்து நிற்பீர்கள்.

இப்போது அதே தாளில் ஒய் = எக்ஸ் என்ற கோட்டையும் போடுங்கள். (0, 0), (30, 30), (−30, −30). இது இரண்டு அளவும் ஒரே எண்ணாக இருக்கும் இடங்களின் கோடு. மேலே இரண்டும் விலகியே போகின்றன; இடது கீழ் மூலைக்குப் போகப்போக நெருங்குகின்றன. வெட்டும் இடத்திலிருந்து மேல்நோக்கிப் போய் எக்ஸ் அச்சைத் தொட்டால் −40, வலப்பக்கம் போய் ஒய் அச்சைத் தொட்டாலும் −40. சரிபாருங்கள்: 1.8 × (−40) = −72, அதோடு 32 கூட்டினால் −40. இந்த ஒரு வெப்பநிலையில் மட்டும் செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்று கேட்கவே வேண்டியதில்லை.